எதிர்நோக்கு: விலங்கிட்ட கைகள் எழுதிய திருவருகைக் காலம்

1944 டிசம்பர். பெர்லின் டேகல் சிறையின் ஓர் அறையில் ஆல்ஃபிரட் டெல்ப் எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டு கைகளிலும் விலங்கு. ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்ற எட்டாவது நாள், ஜூலை 28 அன்று, மியூனிக் நகரில் காலைத் திருப்பலி முடித்த கையோடு கைதுசெய்யப்பட்ட இயேசு சபைக் குரு அவர். ஹிட்லருக்குப் பிந்தைய ஜெர்மனி எப்படி இருக்க வேண்டும் என்று சிந்தித்த கிரைசாவ் வட்டத்தில் அவரும் ஒருவர். அவர் எழுதிய தாள்கள், துவைக்கப் போகும் அழுக்குத் துணிகளோடு சிறைக்கு வெளியே போயின. தூக்குமேடையின் நிழலில் இருந்த அந்த மனிதர் எழுதியது திருவருகைக் காலச் சிந்தனைகள்.

கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்கும். ஆண்டைப் பொறுத்து 22 முதல் 28 நாள் வரை நீளும். குருவின் உடை ஊதா நிறத்துக்கு மாறும். ஞாயிறுத் திருப்பலியில் வானவர் கீதம் நின்றுவிடும். கொண்டாட்டத்தின் வாசலில் நிறுத்தி, கொஞ்சம் பொறு என்று திருச்சபை நம்மிடம் சொல்லும் காலம் இது.

ஒரு சொல்லின் பயணம்

இந்தக் காலத்தின் உயிர்நாடியை எந்தச் சொல்லால் அழைப்பது? தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இதற்கு அழகான ஒரு வரலாறு உண்டு. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரம் மூன்று பண்புகளைச் சொல்கிறது. பழைய வேதாகமத்தில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. முன்பு இரண்டாம் இடத்தில் இருந்த ‘நம்பிக்கை’ முதலிடத்துக்குப் போக, அது விட்டுப்போன இடத்துக்கு வந்த சொல்தான் எதிர்நோக்கு.

அந்தச் சொல்லுக்குள் ஓர் உடல்நிலை இருக்கிறது. வருகிற ஒருவரின் திசையில் முகத்தைத் திருப்பி நிற்பது. ‘எல்லாம் நல்லபடி நடக்கும்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறவர் கண்ணை மூடிக்கொண்டும் அதைச் சொல்லலாம். எதிர்நோக்குகிறவர் கண்ணை மூட முடியாது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நற்செய்தி ஆண்டுதோறும் விழித்திருக்கச் சொல்வது அதனால்தான்.

பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாட்டி பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்து, கிழித்து, மடித்து வைக்கிறார். தொட்டில் கட்டும் இடம் எது என்று பேச்சு நடக்கிறது. குழந்தையை இன்னும் யாரும் பார்க்கவில்லை. ஆனால் அது ஏற்கெனவே அந்த வீட்டில்தான் இருக்கிறது. மரியாவின் காத்திருப்பு இத்தகையது. திருவருகைக் காலத்தின் காத்திருப்பும் இத்தகையதே.

சக்கரத்தில் ஏற்றிய மெழுகுதிரிகள்

இன்று பல ஆலயங்களில் நான்கு மெழுகுதிரிகளோடு வைக்கப்படும் பசுமை வளையம் ஏழைப் பிள்ளைகளின் இல்லத்தில் பிறந்தது. யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற லுத்தரன் போதகர் 1833-இல் ஹாம்பர்க் அருகே ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்கள். 1839-இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகளும் வாரநாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளுமாகப் பொருத்தினார். நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள்.

வட ஐரோப்பாவில் டிசம்பரில் இரவு நாளுக்கு நாள் நீளும். அந்தச் சக்கரத்தில் சுடரும் நாளுக்கு ஒன்றாகக் கூடியது. வறுமையில் வளர்ந்த பிள்ளைக்கு ‘நல்ல காலம் வரும்’ என்று சொல்வது எளிது. அது வருவதைத் தன் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கும்படி செய்து தந்தார் விஷெர்ன்.

வெளியிலிருந்து திறக்கும் கதவு

டெல்ப் வருவதற்கு முந்தைய ஆண்டு அதே டேகல் சிறையில் இன்னொருவர் திருவருகைக் காலத்துக்காகக் காத்திருந்தார்: லுத்தரன் இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். 1943 நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறையறையைத் திருவருகைக் காலத்துக்கு ஒப்பிட்டார். உள்ளே இருப்பவர் எதை எதையோ செய்துகொண்டு காத்திருக்கலாம். கதவோ வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும் என்பது அவர் கண்ட ஒற்றுமை. மனிதர் தம் முயற்சியால் எட்டிப்பிடிக்கும் வெற்றிக்குத் திருவருகை என்று பெயரில்லை. வருகிறவர் கடவுள்.

கதவு திறந்ததா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. டெல்ப் இயேசு சபையை விட்டு விலகினால் விடுதலை என்று ஆசை காட்டினார்கள். அவர் மறுத்தார். டிசம்பர் 8 அன்று, சிறைக்குள்ளேயே, தம் இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார். 1945 ஜனவரி 11-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிப்ரவரி 2 அன்று ப்ளோட்சன்சே சிறையில் தூக்கிலிடப்பட்டார். வயது 37. போன்ஹோஃபர் ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ஒரு மாதத்துக்குள் ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது.

விடுதலைதான் அவர்களுடைய எதிர்நோக்கின் அளவுகோல் என்றால் இருவரும் தோற்றவர்கள். ஆனால் டெல்ப் தன் உயிருக்காக மட்டும் காத்திருந்திருந்தால், வெளியே இருப்பவர்களுக்காக அத்தனை தாள்கள் எழுதியிருக்க வேண்டியதில்லை. விலங்கு அனுமதித்த அளவுக்கு அந்தக் கைகள் வேலை செய்தன. கிடைத்த வழி அழுக்குத்துணி மூட்டை, அதையும் பயன்படுத்திக்கொண்டார். வருகிறவர் வருவார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதனால் தனக்கு என்ன ஆகும் என்ற கேள்வியால் அவர் கைகளைக் கட்டிப்போட முடியவில்லை.

நம் வீடுகளில் நவம்பர் முடிவதற்குள்ளேயே நட்சத்திரம் ஏறிவிடுகிறது. துணிக்கடையும் கேக்கும் கேரல் குழுவுமாக டிசம்பர் ஓடிவிடுகிறது. அந்த மகிழ்ச்சி இருக்கட்டும். முதல் ஞாயிறு மாலை ஒரு திரி மட்டும் எரியும்போது, மற்ற மூன்றும் ஏற்றப்படாமல் நிற்பதையும் சற்று நேரம் பார்ப்போம். மருத்துவமனை வராந்தாவில் முடிவுக்காக உட்கார்ந்திருப்பவர்கள், கடலுக்குப் போனவர் திரும்பக் காத்திருப்பவர்கள், வேலை கேட்டு எழுதிவிட்டுப் பதிலுக்கு ஏங்கும் பிள்ளைகள் என்று நம் தெருவிலேயே பலர் அந்த ஏற்றாத திரிகளின் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் கதவைத் திறக்கும் சாவி நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். அவர்களோடு அந்தக் கதவைப் பார்த்து உட்கார நம்மால் முடியும்.