முதற் பாத்தியில் உப்பு இல்லை

ஆனையிறவில் பஸ் நின்றதும் எங்கள் வகுப்பில் எழுந்த முதற் கேள்வி, "டீச்சர், இது சோதனைக்கு வருமா?" என்பதுதான். யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா போகும் வழியில் அங்கே இறங்கினோம். ஏ9 வீதியின் இரு பக்கமும் களப்பு. காற்று எல்லோருடைய பர்தாவையும் பிடித்து இழுத்தது. "வரும், இறங்குங்கள்" என்றார் இரசாயனவியல் ஆசிரியை. வராது என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் பஸ்ஸிலேயே இருந்திருப்போம்.

இன்றைய மாணவிகளிடம் ஆக்கத்திறன் இல்லை என்று கூட்டங்களில் பெரியவர்கள் கவலைப்படுகின்றார்கள். எங்கள் கொப்பிகளின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கவிதை, கார்ட்டூன், பாதியில் நின்ற கதை எல்லாம் அங்கே கிடக்கின்றன. அவற்றை முன்பக்கத்துக்குக் கொண்டுவரும் மனத்தெம்புதான் எங்களிடம் இல்லை. அது எப்படி வரும் என்பதை ஆனையிறவில் கண்ட இரண்டு விடயங்களைக் கொண்டு விளக்கப் பார்க்கின்றேன்.

முதலாவது உப்பளம். கடல்நீரிலிருந்து உப்பு எடுக்கும் முறை உயர்தர இரசாயனவியலில் எங்களுக்கு ஒரு பாடம். நீரை முதற் பாத்தியில் விட்டு வெயிலிலும் காற்றிலும் வற்றவிடும்போது அங்கே படிவது கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்பு. நீர் இன்னும் செறிவானதும் அடுத்த பாத்திக்கு விடுகின்றார்கள். அங்கே படிவது கல்சியம் சல்பேற்று. மூன்றாவது பாத்தியில்தான் உப்புப் பளிங்குகள் தோன்றும். அங்கும் கடைசிச் சொட்டு வரை வற்றவிடுவதில்லை. மிஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் இருப்பதால் கசக்கும் என்று அதை வெளியேற்றிவிடுகின்றார்கள். எடுத்த உப்பையும் உடனே விற்பதில்லை. குவியலாக மாதக்கணக்கில் விடுகின்றார்கள். ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து தானாக வடிந்துவிடும்.

இதை மனப்பாடம் செய்து புள்ளியும் வாங்கியிருக்கின்றோம். ஆனால் வரம்பில் நின்று பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. முதற் பாத்தியில் உப்பு வரவில்லையே என்று அங்கே யாரும் கோபப்படுவதில்லை. நாங்கள் எழுதும் முதல் வரைவு மட்டும் உப்பாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகின்றது. நான் முன்பு படித்த ஒரு பாடசாலையில், ஏழாம் தரத்தில், மழையைப் பற்றிக் கவிதை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, "எதைப் பார்த்து எழுதினாய்?" என்ற கேள்வியோடு அது திரும்பி வந்தது. பிறகு மூன்று வருடம் நான் எதையும் யாரிடமும் காட்டவில்லை. எழுத்துப் பிழை திருத்தப்படத்தான் வேண்டும். எந்தப் பாத்தியில் திருத்துவது என்பதுதான் கேள்வி.

இரண்டாவது புகையிரத நிலையம். போரினால் 1990 இல் உப்பளமும் நின்றது, வடக்கு ரயிலும் நின்றது. 2014 மார்ச்சில் பளை வரை மீண்டும் ரயில் ஓடியபோது திறந்த ஆனையிறவு நிலையம், நாட்டின் பாடசாலை மாணவர்களும் ஆசிரியர்களும் கொடுத்த பணத்தில் கட்டப்பட்டது. ஆசிரியை இதைச் சொன்னதும் ஒருத்தி, "அப்போ எங்கட ராத்தாமார் கொடுத்த காசும் இதுக்குள்ள இருக்குமா?" என்று கேட்டாள். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஊக்கமூட்டும் சொற்பொழிவுகள் பல கேட்டிருக்கின்றோம். அவற்றில் ஒன்றுகூட அந்தச் சுவர் செய்ததைச் செய்யவில்லை. மாணவர் கொடுத்த சிறியது, கண் முன்னே, பயன்படும் ஒன்றாக நின்றது.

பெயரும் முக்கியம். 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறந்தபோது உப்புக்கு 'ரஜ லுணு' என்று பெயரிட்டார்கள். 'ஆனையிறவு உப்பு' என்றே இருக்க வேண்டும் என்று வடக்கில் குரல் எழுந்தது. பக்கற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் கறியின் சுவை மாறாதுதான். என்றாலும் தங்கள் மண்ணில் விளைந்ததில் தங்கள் பெயர் வேண்டும் என்று கேட்பது எனக்கு விளங்குகின்றது. 'தரம் 8 மாணவி' என்று மட்டும் போட்டு ஒரு பிள்ளையின் கவிதையை ஒட்டினால் அவள் உம்மாவிடம் எதைக் காட்டுவாள்?

திரும்பி வந்து, ஆசிரியையின் அனுமதியோடு நூலக வாசலில் சுவர்ப் பத்திரிகை ஒன்று தொடங்கினோம். இது புதிய யோசனை அல்ல. 1946 இல் யாழ்ப்பாணத்தில் அச்சில் வந்த 'மறுமலர்ச்சி' சஞ்சிகைகூட அதற்கு முன் இளைஞர்களின் கையெழுத்துப் பத்திரிகையாக இருந்ததுதான். எங்கள் விதிகள் குறைவு. தந்ததைத் தந்தபடியே முழுப் பெயரோடு ஒட்டுவோம். ஒரு வாரம் சிவப்புப் பேனா கிடையாது. அடுத்த வாரம் எழுதியவளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு திருத்துவோம். பரிசு இல்லை. (பரிசு வைத்தால் தமிழ்த் தினப் போட்டிக்குப் போகும் அதே ஐந்து பேர்தான் எழுதுவோம். அந்த ஐவரில் நானும் ஒருத்தி என்பதால் தைரியமாகச் சொல்கின்றேன்.)

முதல் இரண்டு வாரம் சுண்ணாம்புதான் வந்தது. பெரும்பாலும் 'அன்னை' பற்றிய கவிதைகள். மூன்றாம் வாரம், வகுப்பில் வாயே திறக்காத ஒரு தோழி ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தாள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றப்பட்டபோது அவளுடைய உம்மா ஐந்தாம் தரம். மேசையில் விட்டு வந்த கட்டுரைக் கொப்பியில் உம்மா பாதியில் நிறுத்திய கட்டுரையை, மகள் எழுதி முடித்திருந்தாள். தலைப்பு 'எங்கள் வீட்டுக் கிணறு'. அதில் பதினொரு எழுத்துப் பிழைகள் இருந்தன. இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் அதன் முன் பிள்ளைகள் நின்றார்கள். வெள்ளிக்கிழமை அவளுடைய உம்மாவே வந்து, நின்றபடி வாசித்துவிட்டு, கிணற்றுக்குத் துலா இருந்தது, கப்பி இல்லை என்று திருத்தம் சொன்னார். மகள் அந்த இடத்திலேயே வெட்டி எழுதினாள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். உயர்தரம் எடுக்கும் பிள்ளை டியூஷன் கொப்பியில் வேறு ஏதாவது எழுதியிருந்தால், இசட் புள்ளியை நினைத்துக் கவலைப்பட முன் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அந்தத் தோழி அந்தத் தவணை இரசாயனவியலில் எங்கள் எல்லோரையும் விடக் கூடப் புள்ளி எடுத்தாள். கட்டுரை எழுதியதால்தான் எடுத்தாள் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியதால் புள்ளி குறையவில்லை என்று மட்டும் சொல்கின்றேன்.

இந்த வாரப் பலகையில் இன்னும் மூன்று தாள்களுக்கு இடம் இருக்கின்றது. பசைப் போத்தல் நூலகப் பொறுப்பாசிரியையின் மேசையில் இருக்கும்.