குசினியில் குறைந்த பொருள், கூடிய பாதுகாப்பு

பல வருடங்களின் பின் உங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். பற்றை வெட்டி, தற்காலிகக் கொட்டில் போட்ட கையோடு எல்லோரும் செய்யும் முதல் வேலை அடுப்பு மூட்டுவதுதான். அதன் பிறகு விறகு, நிவாரண அரிசி மூட்டை, தண்ணீர்க் கலன், மண்ணெண்ணெய்ப் போத்தல், மண்வெட்டி, உடுப்புப் பொதி எல்லாம் அந்த அடுப்பைச் சுற்றியே வந்து சேர்கின்றன. மழை படாத இடம் அது ஒன்றுதான் என்பதும் உண்மை.

ஒவ்வொரு இடப்பெயர்விலும் பொருட்களை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒரு வெறும் ரின்னை எறியவும் மனம் வராது. முகாமில் அந்த ரின்தான் தேநீர்ப் பேணியாகவும் சீனிப் பேணியாகவும் இருந்தது. ஆகவே உங்களிடம் இருப்பதை எறியும்படி நாங்கள் கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். கிடுகும் தறப்பாளும் உள்ள கொட்டிலில் இந்த ஒழுங்கு உயிரைக் காக்கும்.

அடுப்புக்கு முன் நிலத்தைப் பாருங்கள்

கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்ட காணியிலும் சந்தேகமான பொருள் தென்படலாம். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் அடுப்பின் வெப்பத்தில் வெடிக்கக்கூடும்.

• அடுப்பு வைக்கும் இடம், குப்பை எரிக்கும் இடம் இரண்டையும் ஆட்கள் வழக்கமாக நடமாடும் பகுதியிலேயே தெரிவு செய்யுங்கள்.
• காணியில் கிடந்த இரும்புத் துண்டு, குழாய், உருளை போன்றவற்றை அடுப்புக்கல்லாகவோ பாத்திரமாகவோ பயன்படுத்த வேண்டாம்.
• பழைய பங்கர் குழியைக் குப்பைக் கிடங்காக்கி நெருப்பு வைக்க வேண்டாம்.
• சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

குசினி எங்கே இருக்க வேண்டும்?

இடம் இருந்தால் படுக்கும் கொட்டிலிலிருந்து குசினியைப் பிரித்துப் போடுங்கள். சோழகக் காற்று தென்மேற்கிலிருந்தும் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்தும் வீசும். எனவே வீட்டுக்குத் தென்கிழக்கிலோ வடமேற்கிலோ குசினி இருந்தால், இரண்டு காலத்திலும் தீப்பொறி நேரே வீட்டுக் கூரைக்குப் போகாது. தென்கிழக்கை அக்கினி மூலை என்று சொல்லும் பழைய வழக்கமும் இதற்கு ஒத்துவருகிறது.

அடுப்புக்குப் பின்னால் உள்ள கிடுகுச் சுவருக்கு மண் பூசுங்கள், அல்லது ஒரு தகரம் நிறுத்துங்கள். அடுப்புக்கு மேலே தறப்பாள் வேண்டாம். அது உருகி எரிந்தபடியே கீழே சொட்டும். அடுப்பைச் சுற்றி 3 அடிக்குள் விறகு, சாக்கு, துணி, ஓலைப்பெட்டி எதுவும் இருக்கக்கூடாது. அந்த 3 அடியை நிலத்தில் ஒரு கோடாகக் கீறி விடுங்கள். சிறு பிள்ளைகள் தாண்டக்கூடாத எல்லையும் அதுவே.

பொருட்களை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு காலை நேரத்தில் குசினியில் உள்ள எல்லாவற்றையும் முற்றத்தில் ஒரு பாயில் பரப்புங்கள். பிறகு மூன்று குவியலாக்குங்கள்.

முதலாவது, தினமும் எடுப்பவை. சோற்றுப்பானை, கறிச்சட்டி, கேத்தல், அகப்பை, கத்தி, திருவலை, அரிக்கன்சட்டி, ஆளுக்கொரு கோப்பையும் பேணியும். பெரும்பாலான வீடுகளில் இதற்கு மேல் தேவைப்படாது. இவை கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பலகைத் தட்டிலோ உறியிலோ இருக்கட்டும்.

இரண்டாவது, இடைக்கிடை எடுப்பவை. நீத்துப்பெட்டி, இடியப்ப உரல், தாச்சி, விருந்தினர் வந்தால் எடுக்கும் பெரிய பானை. கழுவிக் காயவைத்து, ஒரு கடகத்திலோ மூடியுள்ள பெட்டியிலோ இட்டு உயரத்தில் வையுங்கள். பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் பாதி இடம் மிச்சமாகும்.

மூன்றாவது, குசினிக்கு உரியவை அல்லாதவை. உடுப்புப் பொதி, பாடசாலைப் புத்தகம், மண்வெட்டி, கிருமிநாசினி, மண்ணெண்ணெய் யாவும் இதில் அடங்கும். இவற்றுக்கு வேறு இடம் தேடுங்கள்.

புகை பட்டால் பூச்சி அரிக்காது என்று அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, குடும்ப அட்டை ஆகியவற்றைக் குசினிக் கூரையில் செருகி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தீப்பிடித்தால் முதலில் எரிவது கூரைதான். இத்தனை காலம் நெஞ்சோடு கட்டிக் காப்பாற்றிய பத்திரங்களை ஒரு பிளாஸ்ரிக் பையில் சுற்றி, படுக்கும் இடத்தில், வாசலுக்குக் கிட்ட வையுங்கள்.

நிலம் வெறுமையாக இருக்கட்டும்

வாசலிலிருந்து அடுப்புவரையும், அடுப்பிலிருந்து தண்ணீர்க் குடம்வரையும் நடக்கும் வழியில் எதுவும் கிடக்கக்கூடாது. கொதிக்கும் கஞ்சியை வடிக்கப் போகும்போது காலில் இடறும் ஒரு சிரட்டை போதும். ஊன்றுகோலுடனோ செயற்கைக் காலுடனோ நடப்பவர், கண்பார்வை குறைந்தவர் வீட்டில் இருந்தால் இது இன்னும் அவசியம். அவர்கள் இருந்தபடியே சமைக்க விரும்பினால் பொருட்களை அந்த உயரத்துக்கு இறக்கி வையுங்கள்.

நீங்கள் கூலி வேலைக்குப் போன நாளில் அம்மம்மாவோ மூத்த மகளோ சமைப்பார். உப்பும் தீப்பெட்டியும் விளக்கும் எங்கே என்று கேட்காமல் அவரால் எடுக்க முடிந்தால் உங்கள் குசினி ஒழுங்காக இருக்கிறது என்று கொள்ளலாம்.

அரிசியும் மாவும்

உலர் உணவுப் பொருட்களை மண் தரையில் வைத்தால் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். நாலு கல்லின் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மூட்டையை வையுங்கள். எலி ஓடுவது கண்ணில் படும், கூட்டுவதும் சுலபம். வாரத்துக்குத் தேவையானதை மட்டும் மூடியுள்ள ரின்னில் எடுத்து வையுங்கள். நீங்கள் சேர்த்து வைத்த வெறும் ரின்களுக்கு இதுவே நல்ல வேலை. புதிய அரிசியைப் பழையதன் மேல் கொட்ட வேண்டாம். பழையதை முதலில் முடியுங்கள். பருப்பையும் செத்தல் மிளகாயையும் இடைக்கிடை வெயிலில் காயவிடுங்கள்.

தண்ணீர்

நெடுநாள் பாவிக்காத கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, குளோரின் இடும்வரை அதில் குடிக்க வேண்டாம். இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைக் கேளுங்கள். குடிநீரைக் குமிழி எழக் கொதிக்கவிட்டு, அதன் பின்னும் 1 நிமிடமாவது கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். குடிநீர்க் குடம் வேறாகவும் மூடியுடனும் இருக்கட்டும். அள்ளுவதற்குப் பிடியுள்ள பேணி ஒன்றை வைத்தால் கை தண்ணீரில் படாது.

விறகு, மண்ணெண்ணெய், கிருமிநாசினி

விறகுக் குவியலில் பாம்பும் தேளும் ஒதுங்கும். ஒரு நாளுக்குப் போதுமானதை மட்டும் உள்ளே கொண்டுவந்து, மீதியை வெளியே நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். இருட்டில் விறகுக்குள் கையை விடாமல், பகலிலேயே எடுத்து வையுங்கள்.

மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைத்தால் பிள்ளை தண்ணீர் என்று குடித்துவிடும். அதற்கென ஒரு கலனை அடையாளமிட்டு, குசினிக்கு வெளியே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒருவர் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கிருமிநாசினி வந்த கலனை எவ்வளவு கழுவினாலும் உணவுக்கோ தண்ணீருக்கோ எடுக்கக்கூடாது.

நெருப்பு அல்லது சுடுநீர் பட்டால், காயத்தின் மேல் சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். பற்பசை, எண்ணெய், மை எதுவும் பூச வேண்டாம். பிறகு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

குசினிக்கு வெளியே

உள்ளே இருந்து வெளியேற்றிய சிரட்டையும் ரின்னும் கோடிப்புறத்தில் கிடந்தால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். சிரட்டையை எரிக்க எடுங்கள், ரின்னைக் கவிழ்த்து வையுங்கள், தறப்பாள் மடிப்பில் தேங்கும் நீரைத் தட்டி விடுங்கள். பாத்திரம் கழுவும் நீரை ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கோ கத்தரிக்கோ விடுங்கள்.

இரவில் ஐந்து நிமிடம்

படுக்கப் போகுமுன் தணலை அணைத்துச் சாம்பலைப் பாருங்கள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். உணவையும் தண்ணீரையும் மூடுங்கள். தரையைக் கூட்டுங்கள். அடுப்புக்குக் கிட்ட ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சில வீடுகளில் திரும்பி வந்து மாதங்கள் கழிந்தும் ஒரு சாக்கில் பானை சட்டி கட்டியபடியே இருக்கும். மறுபடியும் ஓட வேண்டி வந்தால் என்ற பயம் அது. அந்தப் பயம் உடனே போகாது. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. முடிந்த நாளில் அந்தச் சாக்கிலிருந்து ஒரு சட்டியை எடுத்துக் கழுவி அடுப்பில் வையுங்கள். மற்றவற்றை மெல்ல மெல்ல அவிழ்க்கலாம்.