இணைய வகுப்பை மூடிவிட்டால் பாடம் யார் கையில்?

2019 ஜூன் 30ஆம் தேதியோடு மலேசியக் கல்வி அமைச்சின் 1பெஸ்தாரிநெட் திட்டம் முடிந்தது. பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையமும், ஃபிராக் விஎல்இ என்ற வகுப்பறை மென்பொருளும் தருவதாக 2011இல் தொடங்கிய திட்டம் அது. ஈப்போ நகரப் பள்ளிகளும், ரப்பர் மரங்கள் போன பிறகும் பெயரில் ‘லாடாங்’ (தோட்டம்) ஒட்டிக்கொண்டிருக்கும் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளும் அதற்குள் வந்தன. ஃபிராக்கின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை குறை சொன்னது. அந்தச் சிலராவது சிரமப்பட்டுப் பாடம் தயாரித்தார்களே, அவர்கள் நிலை? கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறச் சொன்னது கல்வி அமைச்சு. ஃபிராக்கில் கட்டிய பக்கம் ஃபிராக்கில்தான் திறக்கும்.

இலவசமாகக் கிடைத்ததும் காப்பாற்றவில்லை. உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய எட்மோடோ என்ற வகுப்புத் தளம் 2022 செப்டம்பர் 22இல் கடையைச் சாத்தியது. காசு கேட்காத மென்பொருளும் திறந்த மூல மென்பொருளும் ஒன்றல்ல.

திறந்த மூலத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு மூடுல் என்ற இணைய வகுப்பு மென்பொருள். மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனப் பகுதியில் வானொலி வழியே பள்ளிப் பாடம் படித்து வளர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கியது. முதல் பதிப்பு 2002 ஆகஸ்ட்டில் வந்தது. பள்ளி எட்டாத இடத்துப் பிள்ளையின் கஷ்டம் தெரிந்தவர் என்பதால் நம் தோட்டத்து மக்களுக்கு அவர்மேல் ஒரு பிரியம் வரலாம். மலாயா பல்கலைக்கழகத்தின் ஸ்பெக்ட்ரம் தளம் மூடுலில்தான் ஓடுகிறது. ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் எவரும் நிறுவலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஒரு பாடத்திட்டத்தை முழுதாக ஒரே கோப்பாக இறக்கி, வேறொரு மூடுல் தளத்தில் ஏற்றிவிடலாம். அந்தக் கோப்பை இன்னொரு பள்ளிக்குக் கொடுக்கும்போது, பதிவுசெய்த பயனர்களையும் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் பாடத்தோடு பிள்ளைகளின் பெயர், மின்னஞ்சல், மதிப்பெண் எல்லாம் சேர்ந்து போகும்.

அதற்காக மூடுல் செலவில்லாத சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சர்வர் வாடகை உண்டு. அதைவிட, பராமரிக்க ஆள் வேண்டும். கணினி தெரிந்த ஓர் இளைஞர் ஆர்வத்தில் நிறுவிக் கொடுப்பார். வேலை கிடைத்துக் கோலாலம்பூர் போய்விடுவார். நிர்வாகிக் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன பழைய பதிப்பு கதவு திறந்த வீடு. பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கோயில் நிர்வாகமோ வகுப்பு நடத்தினால், கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். காப்பு நகல் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

இனி பெற்றோர் உரிமை. தனியார் டியூஷன் மையம் பிள்ளையின் மைகிட் அடையாள அட்டை எண், படம், மதிப்பெண் என்று வாங்கி வைத்திருந்தால், 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்து மூலம் கேட்கலாம். 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறைத் திருத்தச் சொல்லலாம், கொடுத்த சம்மதத்தை மீட்டுக்கொள்ளலாம். 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து, பெரிய பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவு நடந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். மையம் மசியாவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் செய்யுங்கள். ஆனால் இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளத்தில் ஏதாவது நேர்ந்தால் இதைக் காட்டி வாதாட முடியாது. தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி இலாகாவிடமும்தான் போக வேண்டும். இந்த ஓட்டையை இத்தனை ஆண்டுகளாக அடைக்காமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு பாதியில் வகுப்பை மூடினால் அது பயனீட்டாளர் வழக்கு. மலேசியப் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, நீங்களே பேச வேண்டும். ரசீது, புலனத்தில் வந்த அறிவிப்பு, வகுப்புப் பக்கத்தின் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் தளம் மறைவதற்குள் எடுத்து வையுங்கள். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மன்றத்துக்குப் போய்விட வேண்டும்.