மூன்றில் ஒரு பங்கு: ஓய்வூதியத் தொகுப்பும் ஷரீஅத்தின் நோக்கும்

திருப்பூரின் முதல் பனியன் ஆலையை 1925ஆம் ஆண்டில் நிறுவியவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகன் என்பர். அன்று தொடங்கிய தொழில் இன்று கடல் கடந்தும் பரந்து விரிந்துள்ளது. ஆயின் அத்தொழிலில் உழைத்து முதுமையெய்தியோரின் கையில் எஞ்சுவது யாது என்பது தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது.

1995ஆம் ஆண்டு நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், வேலையளிப்பவர் செலுத்தும் வைப்பு நிதிப் பங்கிலிருந்து ஊதியத்தில் 8.33 விழுக்காடு சேர்க்கப்படுகிறது. இத்திட்டத்தில் பின்னர், ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குவரை விட்டுக்கொடுத்து, அதன் நூறு மடங்கை மொத்தமாகப் பெறும் வசதி உண்டாயிற்று. இதனையே ‘கம்யூட்டேஷன்’ அல்லது ஓய்வூதியத் தொகுப்பு என்பர். மாதம் 1,200 ரூபாய்க்கு உரியவர் 400 ரூபாயை விட்டுக்கொடுத்தால் 40,000 ரூபாய் கைக்கு வரும். மாதந்தோறும் 800 ரூபாய் தொடரும். இவ்வகைத் தொகைக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வரிவிலக்கும் அளித்தது: அரசு ஊழியர்க்கு முழுமையாக; ஏனையோர்க்கு, பணிக்கொடை பெற்றிருப்பின் ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்களவுக்கும், பெறாதிருப்பின் பாதியளவுக்கும்.

நூறு மாதங்கள் என்பன எட்டாண்டு நான்கு மாதங்கள். அதற்குமேலும் உயிர்வாழ்ந்தவருக்கு ஒவ்வொரு மாதமும் இழப்பே. அரசு ஊழியர் திறத்தில், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் முழு ஓய்வூதியமும் மீள வேண்டும் என உச்சநீதிமன்றம் 1986இல் வழிசெய்தது. ஆலைத் தொழிலாளர்க்கோ இந்நீதி நெடுங்காலம் எட்டவில்லை. 2008 செப்டம்பர் 26 முதல் தொகுப்பு வசதியே நீக்கப்பட்டது. அதற்குமுன் தொகுத்துப் பெற்றவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் முழு ஓய்வூதியத்தை மீட்டளிக்கும் அறிவிக்கை 2020 பிப்ரவரி 20இல்தான் வெளியாயிற்று.

இங்கே மார்க்க வினா ஒன்று எழுகிறது. 40,000 ரூபாயைப் பெற்றவர் பதினைந்து ஆண்டுகளில் 72,000 ரூபாயை இழக்கிறார். பணத்துக்குப் பணம், தவணையில் கூடுதல். இது ரிபா ஆகாதா?

ஹனஃபீ ஃபிக்ஹு நூல்களில் இதற்கு நெருங்கிய முன்மாதிரி உண்டு. பைத்துல்மாலிலிருந்து வரவேண்டிய ‘ஜாமிகிய்யா’ என்னும் உதவித்தொகையை, கைக்கு வருமுன் பிறரிடம் குறைந்த ரொக்கத்துக்கு விற்பது செல்லாதென இமாம் திமுர்தாஷீ ஃபத்வா அளித்ததை ‘துர்ருல் முக்தார்’ பதிவு செய்கிறது. கடனைக் கடனாளியல்லாத மூன்றாமவரிடம் விற்கலாகாது என்பதே அதன் அடிப்படை. ஆகவே ஓய்வூதியப் புத்தகத்தை வட்டிக்கடைக்காரரிடம் ஒப்படைத்து முன்பணம் வாங்குவோர் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும்.

தொகுப்போ வேறுவகைத்து. இங்குக் கொடுப்பவரும் விட்டுக்கொடுக்கப்பெறுபவரும் ஒருவரே. இன்னும் தவணை வராத ஓய்வூதியம் கைவசமான உடைமையன்று. ஆதலின் இது விற்பனையன்று, வழங்குபவர் வழங்கும் முறையை மாற்றிக்கொள்வதே எனக் கொண்டு உலமாக்கள் பலர் இதனை அனுமதித்துள்ளனர். மற்றொரு வேறுபாடும் தெளிவானது. கடன் வாங்கியவர் மறைந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அது அடைக்கப்படல் வேண்டும். தொகுத்துப் பெற்றவர் மறுமாதமே மறைந்தாலும் வாரிசுகளிடம் எவரும் அத்தொகையைக் கேட்பதில்லை. கடன் என்னும் தன்மையே இங்கு இல்லை.

எனினும், ஆகுமானவை யாவும் அறிவுடைமை ஆகா. கைக்கு வந்த மொத்தத் தொகை ஜகாத்துக்கும் வாரிசுரிமைக்கும் உட்பட்ட சொத்தாகிவிடும்; ஒரு திருமணச் செலவிலோ ஒரு கடனிலோ கரைந்தும் போகும். இன்று திருப்பூரில் தொகுப்பு வசதி இல்லை. ஆனால் அதனினும் பெரிய பரிமாற்றம் நிகழ்கிறது. கம்பெனி மாறும்போதெல்லாம் ஓய்வூதியக் கணக்கிலுள்ள தொகையை எடுத்துவிடுபவர், பத்தாண்டுப் பணிக்காலத்தை எட்டாமல் வாழ்நாள் ஓய்வூதியத்தையே இழக்கிறார். மூன்றில் ஒரு பங்கையன்று, முழுவதையும் விட்டுக்கொடுக்கிறார். பணத்தை எடுக்காமல் பணிக்காலத்தைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளவோ திட்டச் சான்றிதழ் பெறவோ வழியிருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்வது ஜமாஅத்தார் செய்யத்தக்க நற்பணியாகும்.

நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) தம் செல்வத்தை வஸிய்யத் செய்ய முற்பட்டபோது, மூன்றில் ஒன்றே போதும், அதுவும் மிகுதியே என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தாத நிலையில் விட்டுச்செல்வதே மேல் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள். அறம் செய்வதற்கே இவ்வெல்லை எனில், அவசரத் தேவைக்காக நாளைய வாழ்வாதாரத்தை விட்டுக்கொடுப்போர் எத்துணைச் சிந்தித்தல் வேண்டும்!