பழுத்த பழமே நல்ல காப்பி

வறுக்காத காப்பிக் கொட்டையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தால் காப்பி மணம் சிறிதும் இராது. காய்ந்த பயற்றின் வாடைதான் வரும். அதே கொட்டையை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வறுத்தால் தெருவே மணக்கிறது. இம்மணம் எங்கிருந்து வந்தது? பழம் செடியிலேயே நன்கு கனியும்போது கொட்டையினுள் சர்க்கரையும் பிற சத்துக்களும் சேருகின்றன. அவை வறுசட்டியின் வெம்மையில் மாறுதலடைந்து நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களாகின்றன. பச்சைக் காயில் அச்சர்க்கரை போதிய அளவு இராது. ஆகவே, வறுப்பவர் எத்துணைத் தேர்ந்தவராயினும் காயிலிருந்து பழத்தின் மணத்தை வரவழைத்துவிட முடியாது. நம் மலைக் கிராம விவசாயிகளின் வருவாயோடு நெருங்கிய தொடர்புடைய உண்மை இது.

மக்கள் காப்பியை நாடுவதற்கு மணம் மட்டுமே காரணமன்று. நாம் விழித்திருந்து உழைக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்து களைப்பை உணர்த்துகிறது. காப்பியிலுள்ள கஃபீன் அந்த உணர்த்தலைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் சில மணி நேரத்துக்கு அயர்வு தோன்றுவதில்லை. அராபிகா வகைக் கொட்டையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கும், ரொபஸ்டாவில் ஏறத்தாழ இரண்டு பங்கும் கஃபீன் உண்டு. ரொபஸ்டா காரமும் கசப்பும் மிக்கது; அராபிகா மணமும் மென்மையும் உடையது. விருந்தினர் வந்தால் முதலில் காப்பி கொடுப்பது என்னும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. பழக்கத்தின் வலிமையைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எத்தியோப்பியக் காடுகளில் தோன்றிய இச்செடி ஏமன் நாட்டின் வழியாக உலகெங்கும் பரவிற்று. 17-ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் பெரியவர் அங்கிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. இலங்கையில் 1869-இல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பித் தோட்டங்களை அழித்தது. அதன் பிறகே அங்கே தேயிலை தலையெடுத்தது. தமிழகத்தில் சேர்வராயன் மலை, நீலகிரி, ஆனைமலை, கீழ்ப் பழனி மலை ஆகிய இடங்களில் காப்பி வேரூன்றியுள்ளது. இந்தியாவில் காப்பி பயிரிடுவோரில் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்குக் குறைந்த நிலமுடைய சிறு விவசாயிகளே.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களில் காப்பி தனியே நிற்பதில்லை. சில்வர் ஓக், கல்யாண முருங்கை, பலா ஆகிய மரங்களின் நிழலில் நிற்கிறது. மரத்தில் மிளகுக்கொடி ஏறுகிறது. இடையே மலைவாழை குலை தள்ளுகிறது. வெயில் நேராகப் படும் தோட்டத்தில்தான் அராபிகாவின் பெரும் பகையாகிய வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அதிகம் முட்டையிடுகிறது. தடி விலைக்கு ஆசைப்பட்டு நிழல் மரங்களை ஒருங்கே வெட்டுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். துளைத்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கோடை மழை பெய்த பத்து நாள்களுக்குள் செடி வெள்ளை வெளேரென்று பூக்கிறது. அராபிகாப் பழம் கனிய அதிலிருந்து எட்டு ஒன்பது மாதங்களாகும். எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவப்பதில்லை. எனவே 10 முதல் 15 நாள் இடைவெளி விட்டு நான்கைந்து முறை பறிக்க வேண்டும். கிளையைப் பிடித்து உருவிவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் காயும் பழமும் கலந்துவிடும். ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில் உருவுவோரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. எடைக்கு மட்டும் கூலி கொடுத்தால் பறிப்பவர் எடையைத்தான் பார்ப்பார். பழுத்த பழம் நிறைந்த கூடைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதே முறை என்பது நமது கருத்து.

பறித்த பழத்தை அன்றே தோலுரிக்கும் இயந்திரத்தில் இட வேண்டும். இரவு முழுவதும் சாக்கில் கிடந்தால் பழம் சூடேறிப் புளித்துவிடும். தோல் நீங்கிய கொட்டையின்மேல் வழவழப்பான பசை ஒட்டியிருக்கும். தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் வைத்தால் அது நொதித்துக் கழன்றுவிடும். கொட்டையைக் கையால் தேய்க்கும்போது கூழாங்கல்போல் சரசரவென்றிருந்தால் கழுவும் பக்குவம் வந்துவிட்டது. அதற்கு மேலும் தொட்டியில் விட்டால் புளிநாற்றம் ஏறிவிடும். பிறகு அதனைப் போக்க முடியாது. இவ்வாறு பதப்படுத்திய காப்பியையே ‘பார்ச்மெண்ட்’ என்கிறார்கள். பழத்தை அப்படியே உலர்த்தினால் அது ‘செர்ரி’ காப்பி. ஒரே செடியின் பழமாயினும் நல்ல பார்ச்மெண்டுக்குச் செர்ரியைவிடக் கூடுதல் விலை கிடைப்பது வழக்கம்.

ஏறத்தாழ 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ கொட்டை கிடைக்கிறது. அதனை வெறும் மண்ணில் உலர்த்தினால் மண்வாடை பற்றிக்கொள்ளும். சிமெண்டுக் களத்திலோ, தரையிலிருந்து உயர்த்திய வலைத் தட்டுகளிலோ மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மாலையில் குவித்து மூட வேண்டும். நம் மலைகளில் சில ஆண்டுகள் வடகிழக்குப் பருவமழையும் பறிப்பும் ஒன்றாக வந்துவிடுகின்றன. அக்காலத்தில் தார்ப்பாய் இல்லாதவர் ஆண்டு முழுவதும் பட்ட பாட்டை ஒரே இரவில் இழக்கிறார்.

முன்பு விளைச்சல் யாவும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்ந்தது. 1996 முதல் விவசாயி தம் காப்பியைத் தாமே விற்கிறார். உலக விலையோ அராபிகாவுக்கு நியூயார்க்கிலும் ரொபஸ்டாவுக்கு லண்டனிலும் ஏறி இறங்குகிறது. தாண்டிக்குடியில் இருந்துகொண்டு அதனை நாம் அசைக்க முடியாது. ஈரமும் பச்சைக்காயும் கலந்த மூட்டைக்கு வியாபாரி செய்யும் தள்ளுபடியை மட்டும் தவிர்க்க முடியும். நல்ல பழத்தையெல்லாம் விற்றுவிட்டுத் தரையில் உதிர்ந்ததை வறுத்துக் குடிக்கும் குடும்பங்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். இவர்கள் தங்கள் காப்பியின் உண்மையான சுவையை ஒருமுறையேனும் அறிந்தால் வியாபாரியிடம் பேசும் பேச்சே வேறாக இருக்கும்.

சிறு விவசாயிகள் ஒவ்வொருவரும் தனித்தனியே இயந்திரமும் களமும் வைப்பது இயலாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு தோலுரிக்கும் இயந்திரம் வாங்கலாம். ஊராட்சி பொதுக் களம் ஒன்றை அமைத்து, யாருக்கு எந்நாள் என்று முறைவைத்து விடலாம். ஆனால் கொட்டை கழுவிய நீர் புளிப்பு மிக்கது. ஓடையில் கலந்தால் கீழே உள்ள ஊரின் குடிநீர் கெடும், மீன்கள் மடியும். அந்நீரைக் குழிகளில் தேக்கிச் சுண்ணாம்பிட்டுப் புளிப்பை முறிக்க வேண்டும். உரித்த தோலைச் சாணத்தோடு சேர்த்து மட்கவைத்தால் நல்ல எரு கிடைக்கும். களத்துக்கு இடம் பார்க்கும் ஊராட்சி உறுப்பினர்கள், குழிகளுக்கும் அப்போதே ஓடையை விட்டு விலகிய இடத்தில் அளந்து ஒதுக்கி, ஐப்பசி மழைக்கு முன்பே வெட்டி முடித்துவிடுவது நலம்.