வயல் நடுவே வட்டமா? தூரைப் பிரித்துப் பாருங்கள்

நெல் வயலின் நடுவில் பயிர் வட்டமாகப் படுத்துக் கிடக்கும் படம் ஒன்று வருடத்துக்கு இரண்டு முறையாவது என் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. 'பறக்கும் தட்டு இறங்கிய இடம்' என்று கீழே எழுதியிருக்கும். எந்த ஊர், எந்த ரகம், எந்தப் பட்டம் என்ற விவரம் இருக்காது. அனுப்புபவர்களில் களத்தில் வேலை செய்யும் வேளாண் உதவி அலுவலர்களும் உண்டு. கேலியாகத்தான் அனுப்புகிறார்கள், ஆனாலும் 'இது எப்படி வந்திருக்கும்?' என்ற கேள்வியும் கூடவே வருகிறது. நியாயமான கேள்விதான்.

இந்தக் கதை தொடங்கியதும் ஒரு விவசாயியிடம்தான். 1966 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டல்லி என்ற கரும்பு விளையும் ஊரில், வாழை விவசாயி ஒருவர் சதுப்புக் குட்டையிலிருந்து தட்டு போன்ற ஒன்று எழும்பிப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அந்த இடத்தில் கோரை சுழன்று வட்டமாகக் கிடந்தது. சுழல்காற்றாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் 'தட்டின் கூடு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தச் செய்தியை நினைவில் வைத்திருந்தவர் டக் போவர் என்ற இங்கிலாந்துக்காரர். 1970களின் பிற்பகுதியில் அவரும் நண்பர் டேவ் சோர்லியும் இரவில் கோதுமை வயல்களில் இறங்கி, ஒரு பலகையும் கயிறும் கொண்டு பயிரை வட்டமாக மிதித்துப் படுக்க வைத்தார்கள். 200க்கும் மேற்பட்ட வட்டங்கள் போட்டதாக 1991 செப்டம்பரில் பத்திரிகைக்குச் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல் புதிதாக ஒன்றைப் போட்டும் காட்டினார்கள். அது மனிதன் செய்தது என்று தெரியாமல், பயிர் வட்டங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய பேட் டெல்காடோ 'உண்மையானது' என்று சான்று கொடுத்துவிட்டார்!

நெல்லிலும் இது நடந்திருக்கிறது. 2011 ஜனவரியில் இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா அருகே ஸ்லெமான் பகுதியில், நெல் வயலில் பெரிய வட்டக்கோலம் தென்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பார்க்க வந்தார்கள். மனிதர் செய்ததுதான் என்று அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமான லாபான் சொன்னது. 2013 டிசம்பரில் கலிபோர்னியாவில் பார்லி வயலில் தோன்றிய வட்டமோ, என்விடியா என்ற கணினிச் சில்லு நிறுவனத்தின் விளம்பர வேலை.

'தாள் ஒடியவில்லை, வளைந்திருக்கிறது, கணு நீண்டிருக்கிறது, மனிதன் மிதித்தால் இப்படி ஆகுமா?' என்று தட்டை நம்புபவர்கள் கேட்பார்கள். ஆகும். பச்சைப் பயிரின் தாளில் ஈரம் இருப்பதால் மிதித்தால் வளையும். முற்றிக் காய்ந்த தாள்தான் ஒடியும். நெல், கோதுமை போன்ற புல்லினப் பயிர்கள் சாய்ந்தவுடன் கணுவின் கீழ்ப்பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் நீண்டு, தாளை மறுபடி மேலே தூக்கப் பார்க்கும். காற்றில் சாய்ந்த நெல் சில நாளில் நுனியை நிமிர்த்திக்கொண்டு நிற்பதை நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! கணு நீள்வது அதனால்தான்.

நம் வயலில் வட்டம் தெரிந்தால் குறும்புக்காரரைத் தேடும் முன் ஒரு குத்தைப் பிரித்து அடியைப் பாருங்கள். பயிர் மஞ்சளாகி, பிறகு தீய்ந்தது போலக் காய்ந்திருந்தால் அது பெரும்பாலும் புகையான். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகள் கூட்டமாகச் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். வயல் நடுவில் திட்டாகத் தொடங்கி நாலா பக்கமும் விரிவதால்தான் வட்டமாகத் தெரிகிறது. வரப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரியும்போது நாள் கடந்திருக்கும். கிளைக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் கிளைக்கு இரண்டு பூச்சி என்பது பொருளாதாரச் சேத நிலை. தண்ணீரை வடியுங்கள், யூரியா மேலுரத்தை நிறுத்துங்கள், தெளித்தால் மருந்து தூரில் படவேண்டும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் வேண்டவே வேண்டாம். அவை சிலந்தியைக் கொன்று புகையானைப் பெருக்கிவிடும். அடுத்த நடவிலாவது எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள்.

கிளைகள் சாய்வாக வெட்டுப்பட்டு, வரப்போரம் பயிர் நன்றாக நின்றால் எலி. வெட்டும் இல்லை, காய்ச்சலும் இல்லை, ஓரம் பிசிறாகப் பல திசையில் சாய்ந்திருந்தால் காற்று மழை. கூடவே தழைச்சத்தைக் கூட்டிச் சாம்பல் சத்தைக் குறைத்திருப்பீர்கள். ஓரம் கத்தரித்தது போல் இருந்தால் சேற்றில் கால்தடம் தேடலாம்.

வானத்திலிருந்து வயலில் பொருள் விழுவதும் பொய்யில்லை. நான் குடியிருக்கும் கோவிலம்பாக்கத்துக்குப் பக்கத்தில்தான் மீனம்பாக்கம். அங்கிருந்து வானிலைத் துறை விடும் பலூன் சுமார் 30 கிலோமீட்டர் உயரம் போய் வெடிக்க, அதில் கட்டிய சிறு கருவிப் பெட்டி எங்காவது இறங்கும். 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் வயலில் இறங்கிய பெரிய கூட்டைப் பறக்கும் தட்டு என்று ஊரே திரண்டு பார்த்தது. ஹைதராபாத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து விடப்பட்ட ஆய்வுக்கூடு அது. அதே ஆண்டு ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திராபூர் மாவட்டத்தில் விழுந்த உலோக வளையம் ராக்கெட்டின் மிச்சம். எதுவானாலும் தொடாமல் கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். ராக்கெட் பாகத்தில் நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம்.

புரளியில் யாருக்கு நஷ்டம் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வட்டத்தில் படுத்த பயிர் சில சென்ட்தான். பார்க்க வருகிறவர்கள் மிதிப்பது அதைப் போலப் பல மடங்கு. கதிர் பால் பிடிக்கும் நேரமாக இருந்தால் அது பதராகத்தான் வரும். பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், இயற்கையால் வரும் சில வகைச் சேதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தால் வயல் வாரியாக மதிப்பிடுவார்கள். ஆள் வேண்டுமென்றே செய்த சேதத்துக்கு அதில் இடமில்லை. எனவே படம் எடுக்க முதல் ஆள் வரும்போதே வரப்பு வாயிலில் கயிறு கட்டிவிடுங்கள். விரிவாக்க அலுவலர்கள் அன்றே வயலுக்குப் போய், ஒரு குத்தைப் பிடுங்கி வந்து ஊர்ப் பொது இடத்தில் எல்லாருக்கும் பிரித்துக் காட்டலாம்.