ஸ்டார்ட்டரை மாற்றுமுன் ஐந்து சோதனைகள்

1999 இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டுசெல்வோருக்குப் பிந்திய ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டமே. இடம்பெயர்ந்து வந்து புதிய காணியில் வேரூன்ற முயலும் குடும்பமொன்றின் பழைய கார் விடிகாலையில் அசையாது நின்றால், பறித்த காய் வாடிவிடும். “ஸ்டார்ட்டர் முடிந்துவிட்டது” என்று கேட்டதும் கடன்பட்டுப் புதியதைப் பூட்டுவோர் உண்டு. பழுது வேறிடத்தில் இருந்தால் அப்பணம் வீண். ஆகவே மொரிஸ் மைனர் (1948–1971) போன்ற கார்களைச் சோதிக்கும் முறையை இங்கு தருகிறோம்.

முதலில் கியரை நியூட்ரலில் விட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள்.

1. பற்றரி முனைகளில் பச்சை அல்லது வெள்ளைத் தூள் படிந்திருந்தால் சுடுநீரால் கழுவி, துடைத்து, இறுக்குங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.

2. எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் ஏர்த் வயரைப் பாருங்கள். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ நல்ல ஸ்டார்ட்டரும் சோர்ந்துபோகும்.

3. ஹெட்லைட்டைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வெளிச்சம் அணைந்துபோனால் பெரும்பாலும் பற்றரி அல்லது இணைப்பில் கோளாறு. வெளிச்சம் குறையாமல் எஞ்சினும் சுற்றாவிட்டால் சுவிட்ச், சொலினொயிட் அல்லது ஸ்டார்ட்டரைச் சந்தேகியுங்கள்.

4. ஒருவர் ஸ்டார்ட் செய்கையில் மற்றவர் ஸ்டார்ட்டரின் உடலில் தடியால் மெதுவாகத் தட்டட்டும். உடனே சுழன்றால் உள்ளேயுள்ள கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பற்றரியும் வயரும் நன்றாயிருந்தும் இழுத்து இழுத்துச் சுற்றினால், புஷ் தேய்ந்து உள்ளே உராய்வதும் காரணமாகலாம்.

5. மோட்டர் மட்டும் ‘கிர்’ரென்று சுழன்று எஞ்சின் அசையாவிட்டால், அதன் சிறிய பற்சில்லு அழுக்கால் இறுகியிருக்கும். ஸ்டார்ட்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயால் அச்சில்லைக் கழுவி உலரவிடுங்கள். எண்ணெய் பூசவேண்டாம், தூசி ஒட்டும்.

கழற்றுமுன் பற்றரியின் ஏர்த் வயரை நீக்குங்கள். பழைய பிரித்தானியக் கார்கள் சிலவற்றில் பிளஸ் முனையே ஏர்த், பார்த்துச் செய்யுங்கள். பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றவும் வேண்டாம். மோட்டர் சூடேறிக் கெடும்.

பிரஷ், புஷ் ஆகியவற்றை மட்டும் மாற்றினால் பல ஸ்டார்ட்டர்கள் மீண்டும் உழைக்கும். கராஜில் உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடியும்வரை எஞ்சினைச் சுற்றும் கைப்பிடி உதவும். அறிந்து கேட்பவரை ஏமாற்றுவது கடினம். மிஞ்சும் பணம் அடுத்த போகத்துக்கு விதையாகும்.